பேசினுக்கு அடியில் இறுகிய நட்

வாஷ் பேசினுக்கு அடியில் குனிந்து பார்க்கும் வேளை எப்போதாவதுதான் வரும். தரையில் ஈரம் காயாமல் கிடக்கும். அல்லது வாய் கொப்பளித்த தண்ணீர் இறங்காமல் நுரையோடு நிற்கும். வேஸ்ட் பைப்பை மாற்றினால் தீர்ந்தது, அரை மணி நேர வேலை என்று ரிஞ்சை எடுத்துக்கொண்டு உட்காருவோம். ரிஞ்ச் கவ்வும், கை வலிக்கும், பேசின் சுவரோடு சேர்ந்து ஆடும். நட் மட்டும் அசையாது. மாட்டிய அன்று கையாலேயே சரசரவென்று ஏறிய நட்தான் அது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதற்குள் என்னதான் நடந்தது?

நிறைய நடந்திருக்கிறது. அதை அறிந்துகொண்டால் கழற்றுவதும் பாதி எளிதாகிவிடும். அதற்கு முன்னால், அந்த நட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுவோம்.

பேசின் ஓட்டையில் செருகியிருக்கும் பித்தளைத் துண்டுக்கு வேஸ்ட் கப்ளிங் என்று பெயர். மேலே நமக்குத் தெரிவது அதன் ஜாலி மட்டும். மற்றதெல்லாம் கீழே இறங்குகிறது. வெளிப்புறத்தில் மரை வெட்டியிருக்கும். கீழிருந்து தடித்த ரப்பர் வாஷரை ஏற்றிச் செக் நட்டைத் திருகினால், மேலே ஜாலியின் விளிம்பும் கீழே வாஷரும் பீங்கானை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். சில கப்ளிங்குகளின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கும். புதிதாக மாட்டுபவர்கள் இதென்ன கோளாறு என்று பசை வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. அடைக்கக் கூடாது. பேசினின் பீங்கானுக்குள்ளேயே ஒரு ரகசியப் பாதை ஓடுகிறது. விளிம்புக்குச் சற்றுக் கீழே சிறு துளை தெரிகிறதே, அங்கே தொடங்கி, பீங்கானின் இரண்டு சுவர்களுக்கு நடுவில் இறங்கி, இந்தப் பக்கவாட்டு ஓட்டைகளில் வந்து சேர்கிறது. குழாயை மூட மறந்துபோனால் தண்ணீர் வழிந்து வீட்டுக்குள் வராமல் இந்த வழியாக இறங்கிவிடும். அது மட்டுமில்லை. பேசின் நிறைய இருக்கும் தண்ணீரைத் திறந்துவிடும்போது, கீழே குழாயில் இருக்கும் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும்; அதற்கும் இதே பாதைதான்.

கப்ளிங்குக்குக் கீழே பாட்டில் ட்ராப். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று ஒரு குப்பி, பக்கத்தில் சுவருக்குள் போகும் ஒரு குழாய். உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது. மேலிருந்து வரும் குழாய் குப்பியின் அடிவரை நீண்டு இறங்குகிறது. வெளியேறும் வழியோ குப்பியின் மேல்பகுதியில். ஆகவே தண்ணீர் எவ்வளவு போனாலும் வெளியேறும் மட்டம்வரை குப்பி நிறைந்தே இருக்கும். உள்குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும். இதற்கு நீர்ப்பூட்டு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைப் போகவிடும், காற்றை வரவிடாத பூட்டு. அதன் ஆழம் 50 முதல் 75 மில்லிமீட்டர். நகரத்தின் சாக்கடை முழுவதும் ஒரு பக்கம், நம் குளியலறை மறுபக்கம், இடையில் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர். நகரும் பாகம் ஒன்றுகூட இதில் கிடையாது. பழுதாவதற்கு எதுவுமே இல்லாத இயந்திரத்தை வேறெங்கே பார்க்க முடியும்?

கழிவுநீர் வழியில் இப்படித் தண்ணீரைத் தேக்கிக் காற்றை மறிக்கும் வளைவுக்கு 1775-இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். தொழிலால் கடிகாரம் செய்பவர். கழிவறைக்காக அவர் போட்ட வளைவு ஆங்கில எஸ் எழுத்தின் வடிவம். இருநூற்றைம்பது ஆண்டுகளாகியும் அடிப்படை மாறவில்லை. பாட்டில் ட்ராப் அதே வளைவைக் குறைந்த இடத்தில் மடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

சாக்கடைக் காற்றில் நம் மூக்கு முதலில் பிடிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடை, அதாவது அழுகிய முட்டை வாடையை. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு சில பங்கு கலந்திருந்தாலே மூக்கு சொல்லிவிடும். விசித்திரம் என்னவென்றால், அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ஆபத்து கூடும்போது எச்சரிக்கை நின்றுவிடும். பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர்களை இந்த வாயு சத்தமில்லாமல் சாய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீர்ப்பூட்டை உடைப்பது சுலபம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் தலைமேல் உள்ள காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். நீர்ப்பூட்டு 5 சென்டிமீட்டர். ஆகவே குழாய்க்குள் அழுத்தம் இருநூறில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், ட்ராப்பில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். மாடிவீட்டில் யாரோ வாளித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டும்போது நம் பேசின் ‘குளுக்’ என்று விழுங்குகிறதே, அது இந்த இழுபறியின் சத்தம். கட்டடத்தின் கழிவுக் குழாயை மொட்டை மாடிக்கு மேல் நீட்டித் திறந்து விட்டிருப்பது, இப்படி அழுத்தம் குறையும்போதெல்லாம் மேலிருந்து காற்று உள்ளே வரட்டும் என்றுதான்.

உறிஞ்சப்படாவிட்டாலும் உலர்ந்துபோகலாம். 2003 மார்ச் மாதம் ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவி 300 பேருக்கு மேல் தொற்றியது. 42 பேர் இறந்தார்கள். விசாரணையில் சந்தேகம் விழுந்த இடங்களில் ஒன்று குளியலறைத் தரையின் ட்ராப். தரையைத் துடைத்தே சுத்தம் செய்து வந்த வீடுகளில் தரை ட்ராப்பில் தண்ணீர் விழவே இல்லை, நீர்ப்பூட்டு வற்றிப்போனது, வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டதும் கழிவுக் குழாயின் நுண்துளிகள் அறைக்குள் இழுக்கப்பட்டன. நம் ஊர்ப் பழைய குளியலறைகளில் பேசினின் வேஸ்ட் பைப்பை நேராகத் தரையில் உள்ள நஹானி ட்ராப்பில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். பார்க்க அழகில்லைதான். ஆனால் கை கழுவும் ஒவ்வொரு முறையும் அந்த ட்ராப் நிரம்பிக்கொள்கிறது. யோசித்துச் செய்ததோ வசதிக்காகச் செய்ததோ, நல்ல ஏற்பாடு.

இப்போது மரைக்கு வருவோம். எந்த ஊர்க் கடையில் எந்தக் கம்பெனியின் பாட்டில் ட்ராப்பை வாங்கினாலும் முப்பது வருடத்துக்கு முந்தைய கப்ளிங்கில் பெரும்பாலும் ஏறிவிடும். அதற்கு நன்றி சொல்ல வேண்டியது ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளருக்கு. அவருக்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன்பாட்டுக்கு ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. 1841-இல் அவர் ஒரு பொது அளவை முன்வைத்தார்: மரையின் பள்ளம் 55 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும், இந்தப் பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று. பிரிட்டிஷ் குழாய் மரை அதிலிருந்து பிறந்தது; நம் பேசினுக்கு அடியில் இருப்பதும் அதுவே. ஒன்றேகால் அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 11 சுற்று. வேடிக்கை என்னவென்றால், டேப்பை வைத்து அளந்தால் இந்த ‘ஒன்றேகால்’ மரை 42 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத்துக்கும் அதிகம். பழைய இரும்புக் குழாயின் உள்விட்டத்தை வைத்துப் பெயர் சூட்டினார்கள். குழாயின் சுவர் மெலிந்தபோதும் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போய்த் தவறான சாமானோடு திரும்பியவர்களுக்கு இது தெரியும்.

மரை என்பது உருளையில் சுற்றிவைத்த ஒரு சரிவுப் பாதை. நட் ஒரு முழுச் சுற்று வரும்போது சுமார் 127 மில்லிமீட்டர் நடந்து 2.3 மில்லிமீட்டர் ஏறுகிறது. 55 அடி நடந்தால் ஓரடி ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது. சறுக்காமலிருக்க அங்கே பல்சக்கரம் தேவைப்படுகிறது. மரையின் ஏற்றமோ அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தச் சரிவில் உராய்வே நட்டைப் பிடித்து நிறுத்திவிடும். எவ்வளவு பாரம் இழுத்தாலும் தானாகச் சுழன்று இறங்காது. பூட்டு, கொண்டி எதுவுமின்றி வெறும் சரிவே பூட்டாகிவிடுகிறது.

இன்னொரு கணக்கு. 25 சென்டிமீட்டர் கைப்பிடியுள்ள ரிஞ்சை ஒரு சுற்றுச் சுற்றினால் கை 157 சென்டிமீட்டர் நகரும். நட் ஏறுவது 2.3 மில்லிமீட்டர். விசை ஏறக்குறைய 680 மடங்காகப் பெருக வேண்டும். 20 கிலோ விசையோடு இழுத்தால் காகிதக் கணக்கில் 13 டன்னுக்கு மேல்! நல்லவேளை, பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் உராய்வு தின்றுவிடுகிறது. மிஞ்சுவதும் அரை டன்னுக்குக் குறையாது. ‘ஒழுகக் கூடாது பார்’ என்று கடைசியில் ஒரு அழுத்து அழுத்துகிறோமே, பீங்கானில் மயிரிழை விரிசல் விழுவது அந்த அழுத்தில்தான். பீங்கான் நசுக்கலைத் தாங்கும். வளைத்தால், இழுத்தால் தாங்காது.

இதுவரை சொன்னது மாட்டிய நாளின் நட். இறுக்கம் வந்து சேர்வது பிறகு.

கப்ளிங்கும் ட்ராப்பும் பித்தளை. அதாவது செம்பில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகத் துத்தநாகம் கலந்தது. மேலே பளபளப்பது குரோமியம். அதன் தடிமன் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. நம் தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான். குரோமியத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு ஒன்று இருந்து உண்மையான காவலைச் செய்கிறது. ஆனால் மரையின் பள்ளங்களுக்குள் பூச்சு சரியாகப் படிவதில்லை. படிந்ததையும் நட் ஏறும்போது சுரண்டிவிடும். போதாக்குறைக்கு, மரைக்கும் மரைக்கும் நடுவே உள்ள இடுக்கு தண்ணீரைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

இங்கேதான் ஒரு தலைகீழான விஷயம். காற்றுப்படும் இடம்தான் முதலில் அரிக்கும் என்று நினைப்போம். இடுக்கில் நடப்பது நேர்மாறு. உள்ளே தேங்கிய ஈரத்தில் இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளிவாயில் உள்ள ஈரத்துக்கோ காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். ஒரே உலோகம், இரண்டு விதமான ஈரம். இந்த வித்தியாசமே ஒரு குட்டி மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. அதில் கரைவது காற்றுப்படாத உள்பக்கம். இடுக்கு அரிப்பு என்று இதைச் சொல்லலாம். கடலோர ஊர்களின் உப்பேறிய போர் தண்ணீர் என்றால் மின்சாரம் ஓட இன்னும் வசதி.

பித்தளையில் முதலில் கரைவது துத்தநாகம். எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் அது. பழைய மாதிரி டார்ச் செல்லின் துத்தநாகக் கூடு கரைந்து மின்சாரம் தருவதும் இதே குணத்தால்தான். துத்தநாகம் போன இடத்தில் செம்பு மட்டும் நுண்ணிய துளைகளோடு நிற்கிறது. உருவம் மாறாது, அளவு மாறாது, பலம் மட்டும் போய்விடும். பழைய நட்டைச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் சிவந்த நிறம் தெரிந்தால் துத்தநாக இழப்பு நடந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நட் சில சமயம் ரிஞ்சின் பிடியிலேயே பிஸ்கட் மாதிரி உதிரும்.

செம்போ காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடும் ஈரத்தோடும் சேர்ந்து பச்சைக் களிம்பாகிறது. செம்பைப் பற்றிய களிம்பை, உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமையாகச் சைவ சித்தாந்தம் சொல்லிவருகிறது. வெளியிலிருந்து பூசியது போலில்லாமல் செம்போடு கூடவே இருப்பது என்ற அந்தக் கவனிப்பு கூர்மையானது. பிளம்பருக்கு முக்கியம் வேறொன்று: களிம்பும் துருவும் தாம் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்குள் விரிய இடமில்லை. ஆகவே விரிந்து, நெருக்கி, நட்டையும் கப்ளிங்கையும் ஒன்றோடொன்று ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடுகின்றன. யாரும் திருகாமலே நட் வருடா வருடம் இறுகுவது இப்படித்தான்.

இதற்கு மேல் சுண்ணாம்பு. குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம். அந்த மேல் எல்லையில் இருக்கும் தண்ணீரை 1,000 லிட்டர் மாடித் தொட்டியில் நிரப்பினால், அதற்குள் 600 கிராம் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. மரை வழியே நிமிடத்துக்கு ஒரு சொட்டு கசிந்து, விளிம்பிலேயே முழுதும் காய்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் 15 கிராமுக்கு மேல் சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடும். மரைக்குள் இருக்கும் மொத்த வெற்றிடத்தை நிரப்ப அதில் சிறு பங்கு போதும். ‘லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது, தானே நின்றுவிட்டது’ என்று வீட்டில் சொல்வார்கள். நின்றது உண்மை, கசிவே சிமென்ட் பூசிக்கொண்டு நின்றது.

ரப்பர் வாஷரும் சும்மா இருப்பதில்லை. இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே பாலங்கள் உண்டாகி நிலையான மீள்தன்மை வரும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். காலப்போக்கில் காற்றிலுள்ள ஆக்சிஜன் இன்னும் பாலங்களைக் கட்டிக்கொண்டே போகிறது. பாலம் கூடக்கூட ரப்பர் விறைத்து, கடைசியில் பிளாஸ்டிக் வில்லை போலாகிவிடும். கந்தகம் கலந்த ரப்பருக்கும் பித்தளைக்கும் தனி ஒட்டுறவும் உண்டு. ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளுக்குப் பித்தளைப் பூச்சு கொடுப்பதே, டயர் வேகும்போது ரப்பர் அதில் இறுகப் பற்றிக்கொள்ளட்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட இரண்டையும் பத்து வருடம் அழுத்தி வைத்துவிட்டு, ஏன் பிரிய மறுக்கிறது என்று கேட்பது நியாயமில்லை.

சரி, கழற்றுவோம். முதல் தடுமாற்றம் திசையில். எல்லா மரையும் இடப்பக்கம் சுற்றினால் கழலும் என்பது நட்டுக்கு எதிரே நின்று பார்க்கும்போது பொருந்தும். செக் நட் கீழிருந்து ஏறியது. ஆகவே தரையில் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்க்கிறவருக்குத்தான் அது இடப்பக்கம். பேசின் முன் நின்றபடி கையை மட்டும் கீழே விட்டுத் திருகுகிறவர், மேலிருந்து பார்க்கும் மனக்கணக்கோடு இடப்பக்கம் சுற்றினால், இறுகிய நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பார். கழலாத நட்டுகளில் கணிசமான பங்கு இந்த வகை என்பது என் எண்ணம்.

அடுத்து, எதை எந்த வரிசையில் ஊற்றுவது. மரையின் வெளிவிளிம்பில் இருக்கும் சாம்பல் நிறப் பிசுக்கு சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மெழுகு. நீரை அண்டவிடாது. அதன்மேல் நேராக அமிலத்தை ஊற்றினால் உருண்டு ஓடிவிடும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு அதை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு வினிகரில் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டி வைத்தால், சுண்ணாம்பு கரையும்போது கரியமில வாயு நுண்குமிழிகளாக வெளிவருவதை டார்ச் அடித்துப் பார்க்கலாம். பச்சைக் களிம்புக்கு நம் வீட்டு மருந்து புளி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும்போது அதிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்து, செம்பின் அயனிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. மரைக்கும் அதே வேதியியல்தான். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைத் தின்ற கையோடு துத்தநாகத்தையும் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல.

அமிலம் போன பின் எண்ணெய். மெக்கானிக்குகள் மண்ணெண்ணெய் விடுவார்கள். கடையில் டபிள்யூடி-40 கிடைக்கும். அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதே அதன் பெயர். அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமலிருக்க முதலில் பயன்பட்டது. நட்டின் கீழ்விளிம்பில் விட்ட எண்ணெய் மரைக்குள் மேல்நோக்கி ஏற வேண்டுமே, எப்படி ஏறும்? இடுக்கு குறுகக் குறுகத் திரவம் உயரமாக ஏறும். திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவதும் இந்த நுண்புழை ஏற்றத்தால்தான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் இத்தகைய மெல்லிய எண்ணெய் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஏறக்கூடும். நட்டின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே புவியீர்ப்பு இங்கே தடையில்லை. நேரம் மட்டும் வேண்டும். இரவு விட்டுவைத்துக் காலையில் வருவது நல்லது.

காலையில் வெப்பம். கொதிநீரில் நனைத்த துணியை நட்டின் மேல் சுற்றினால் அதன் வெப்பம் ஏறக்குறைய 60 பாகை உயரும். பித்தளை விரியும் விகிதத்தைக் கணக்கிட்டால் விட்டம் 0.05 மில்லிமீட்டர் கூடும். ஒரு மெல்லிய தலைமுடி அளவு. இவ்வளவு போதுமா என்றால், களிம்புப் படலத்தில் விரிசல் விழ இது தாராளம். ஆனால் சூடு கப்ளிங்குக்கும் பரவிவிட்டால் அதுவும் சேர்ந்து விரிந்துவிடும். அதனால் மேலே குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரைக் கப்ளிங் வழியே மெல்ல ஓடவிட வேண்டும். வெளியே இருக்கும் வளையம் விரிய, உள்ளே இருக்கும் உருளை சுருங்கியே நிற்கும். தீச்சுவாலை மட்டும் வேண்டாம். ஒரே இடத்தில் சூடேறினால் பீங்கான் பிளக்கும், பிவிசி இளகும், முந்தின நாள் விட்ட மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும்.

அந்த இளஞ்சூட்டில் ரிஞ்சைப் போடுமுன் நட்டைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். பித்தளை நெளியும், சுண்ணாம்பு நெளியாது, நொறுங்கும். வயதான பிளம்பர்கள் கூட வரும் பையனிடம், “தம்பி, மொதல்ல ஒரு பொட்டு இறுக்கு, அப்புறமா கழட்டு” என்பார்கள். கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். இறுக்கும் திசையில் அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் படலம் அறுந்துவிடும். ஓய்விலிருக்கும் உராய்வு ஓடும் உராய்வைவிடப் பொதுவாக அதிகம். முதல் அசைவுதான் விலை உயர்ந்தது, அது எந்தத் திசையில் கிடைத்தாலும் லாபம்.

பைப் ரிஞ்சும் ஒரு அதிசயம். அதன் மேல்தாடை வேண்டுமென்றே லொடலொடவென்று ஆடும்படி செய்யப்பட்டிருக்கிறது. கைப்பிடியை இழுக்க இழுக்கத் தாடை சாய்ந்து பற்களை உலோகத்தில் இன்னும் ஆழமாகப் பதிக்கும். நாம் போடும் விசையே பிடியாகவும் மாறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த டேனியல் ஸ்டில்சன் 1870-ஐ ஒட்டி இதற்குக் காப்புரிமை பெற்றார். குரோம் பூச்சில் பல் பதியாமலிருக்க இடையில் ஒரு பழைய துணி போதும். மேலே ஜாலியின் குறுக்குக் கம்பிகளுக்கிடையே இன்னொருவர் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நட்டோடு கப்ளிங்கும் சேர்ந்து சுற்றும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் ஆக்சா பிளேடு. இது தோல்வியில்லை, பல சமயம் இதுவே சிக்கனம். மரை வெட்டுவதற்கென்று வார்க்கும் பித்தளையில் 3 சதவீதம் அளவுக்கு ஈயம் கலப்பது வழக்கம். அது உலோகத்தில் கரையாமல் நுண்துளிகளாகத் தங்கி, பிளேடு படும் இடத்தில் உலோகத்தைச் சுருள விடாமல் தூளாக உதிர்த்துவிடும். முழுதும் அறுக்க வேண்டியதில்லை. பீங்கானைத் தொடாதபடி சாய்வாக, மரை தெரியும் ஆழம்வரை அறுத்து, வெட்டில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு முறுக்கு. ‘டப்’ என்று ஒரு சத்தம். வளையம் ஓரிடத்தில் அறுந்தால் அதன் இறுக்கம் முழுதும் போய்விடும்.

அறுந்த நட்டைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிச்சுற்றில் வெள்ளைச் சுண்ணாம்பு, அரிசிமாவுக் கோலம் காய்ந்ததுபோல. அடுத்த இரண்டு மூன்று மரைகளில் பச்சை. அதற்கும் உள்ளே, துத்தநாகம் போன இடத்தில் ரோஜாச் செம்மை. ஆழத்தில், ஈரம் எட்டாத ஒரே ஒரு சுற்றில், பட்டறையை விட்டு வந்த அன்றைய மஞ்சள் அப்படியே மின்னும்.

புதியதை மாட்டுவதில் ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். ட்ராப்பின் எல்லா மரையிலும் டெஃப்ளான் டேப்பைச் சுற்றித் தள்ளுவது நம் பழக்கம். டெஃப்ளான் 1938-இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறொரு வாயுவைத் தேடப்போய்த் தற்செயலாகக் கண்ட பொருள். குறுகிக்கொண்டே போகும் மரைகளில், அதாவது தண்ணீரை மரையே தடுக்க வேண்டிய தண்ணீர்க் குழாய் இணைப்புகளில், அது அருமையாக வேலை செய்யும். முன்பு அங்கே சணலைச் சுற்றுவார்கள். சணல் நனைந்து ஊதி இடைவெளியை அடைக்கும். ட்ராப்பின் நட்டில் விஷயம் வேறு. தண்ணீரைத் தடுப்பது வாஷர். மரையின் வேலை அதை அழுத்துவது மட்டும். டேப்பைச் சுற்றினால் நட் கனமாகிப் பாதியிலேயே நிற்கும், இறுகிவிட்டது என்று ஏமாறுவோம், வாஷர் அமுங்காமல் ஒழுகும். கூம்பு வாஷராக இருந்தால் மெலிந்த பக்கம் எந்தக் குழாய் வாய்க்குள் இறங்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்திருக்கிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

கையால் முட்டும்வரை திருகி, ரிஞ்சால் கால் சுற்று. பிறகு பேசினை விளிம்புவரை நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிட வேண்டும். குழாயை லேசாகத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. கீழே விரித்த செய்தித்தாளில் ஈரப் பொட்டு விழுந்தால் அந்த நட்டுக்கு மட்டும் இன்னொரு கால் சுற்று. மரையில் பூச வேண்டுமென்றால் சிலிகான் கிரீஸ் பூசலாம். ஈரத்தை அண்டவிடாது, அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டவும் மாட்டார். வாசலினைத் தவிருங்கள். பெட்ரோலியத்திலிருந்து வந்தது, இயற்கை ரப்பர் வாஷரை ஊதிப் பொங்க வைத்துவிடும்.